பதினேழாவது பேரு

– அந்தக் கதைய அப்பறம் சொல்லு மாமா. மொதல்ல நீ ஏன் வந்தன்னு சொல்லு. ரெண்டு வருஷமா கடலூர்லேர்ந்து ஒருத்தரும் இந்தச் சைக்கிள் கடைப் பக்கம் தலவச்சுப் படுக்கல.

– கதைதான் மச்சான் நான் வந்த காரியமே. வெர்னர் தொரை போன வெள்ளிக்கெழம போயிட்டாரு.

– அடடா. நெய்வேலியில நீ ஜீப்பு ஓட்டுனியே, அந்த ஜெர்மன்காரரா?

– அவரேதான். எட்டு வருஷம் ஓட்டுனேன். பாதி இங்கிலீஷு, பாதி கை சாடை. ஆனா அவரு சொன்னது ஒண்ணுகூட எனக்குப் புரியாமப் போனதில்ல.

– சரி, ஒக்காரு. ஸ்டூல் ஆடும், பாத்து. பஞ்சர் ஒட்டிக்கினே கேக்கறேன்.

– கேளு மச்சான். சாக்சனின்னு ஒரு சீமை, அதான் அவரு ஊரு. நம்ம நெய்வேலியாட்டம் அங்கயும் பழுப்பு நெலக்கரி. சொரங்கத்து ஆளுங்கல்லாம் சேந்து, நம்மள மாதிரியே சோஷலிஸ்ட் கட்சிக் கெள ஒண்ணு வச்சிருந்தாங்க. தாத்தா காலத்துல சர்க்காரு கட்சிக்குத் தட போட்டுச்சாம். இவுங்க என்னா பண்ணாங்க தெரியுமா? பாட்டுச் சங்கம்னு போர்டு மாட்டிட்டாங்க. போலீஸ்காரன் எட்டிப் பாத்தா பாட்டு. அவன் அந்தாண்ட போனா கூட்டம்.

– கெட்டிக்காரங்கதான்.

– கெள ஆரம்பிச்ச நாளுல வருஷா வருஷம் பேரு கூப்புடுவாங்க. செத்தவன் பேரையும் கூப்புடுவாங்க. அவனுக்குப் பதிலா இருக்கறவன் ஆஜர் சொல்லணும். செத்தாலும் கெளய வுட்டுப் போவலன்னு அர்த்தம். அதக் கேட்டுத்தான் நம்ம கடலூர் கெளயிலயும், செயில்ல செத்த பழனிவேலுக்கு ஆஜர் சொல்றோம். நீ வர்றதில்ல, ஒனக்குத் தெரியாது.

– தெரியும். என்னிய வர வாணாம்னு சொன்னது நீங்கதான மாமா. சரி, மேல சொல்லு.

– முப்பத்திமூணுல ஹிட்லர் வந்தான். மறுபடியும் தட. இவுங்க நோட்டீஸ் அடிக்கற மிஷின ஒரு எடத்துல ஒளிச்சு வச்சிருந்தாங்க. வெர்னர் தொரை அப்ப எளவட்டம், அவருதான் செகரட்டரி. ஒரு நாளு போலீஸ் வந்து இவரோட சேத்து பதினோரு பேரப் புடிச்சுது. மூணாம் நாளு நேரா மிஷின் இருந்த எடத்துலயே கைய வச்சுது. நாலு பேரு திரும்பவே இல்ல. யாரோ சொல்லிட்டாங்கன்னு ஆச்சு. யாரு? ரொட்டிக் கடை கார்ல்தான் மொதல்ல வெளிய வந்தான். ஒடம்புல ஒரு காயம் இல்ல. அவ்ளோதான், முடிவு பண்ணிட்டாங்க.

– ம்.

– பேரு கூப்புடற நோட்டுல அவன் பேரு பதினேழாவது. வெர்னர் தொரையே பேனாவ எடுத்து அடிச்சாரு. அப்பறம் அந்த ஊருல ஒரு சனம் அவங்கிட்ட ரொட்டி வாங்கல. அவன் செத்தப்ப பொணத்துக்குப் பின்னால பொண்டாட்டி ஒருத்திதான் போனா. ஒருத்தரும் ஆஜர் சொல்லல.

– டியூப்ப இப்பிடிப் புடி மாமா. சொல்யூஷன் தடவணும்.

– அத வுடு. சண்ட முடிஞ்சுது. ஊரு ரஷ்யாக்காரன் கையில. நாப்பத்தாறுல அந்தக் கட்சிய கம்யூனிஸ்ட் கட்சியோட சேத்துட்டாங்க. மாட்டேன்னு நின்னவனுக்கு செயிலு. இவரு தப்பிச்சு மேக்கால வந்துட்டாரு. அந்தக் கெள இன்னிக்கு ஒலகத்துலயே இல்ல மச்சான். இந்த நோட்டுதான் மிச்சம். பாரு.

– இதையா பை உள்ள வச்சு அணைச்சுக்கினு வந்த?

– வருஷத்துல அந்த ஒரு நாளு, கம்மாபுரம் ரோட்டுல ஜீப்ப ஓரங்கட்டச் சொல்லுவாரு. ஒவ்வொரு பேராப் படிப்பாரு. நான் ஆஜர், ஆஜர்னு சொல்லணும். நாப்பத்தோரு பேருக்கும் நான் ஒருத்தன். பதினாறு முடிஞ்சா அடிச்ச வரிய வெரலால மூடிக்குவாரு. அப்பறம் பதினெட்டு.

– காட்டிக் குடுத்தவன் பேரு. அதான் தாண்டிட்டாரு.

– நானும் அப்பிடித்தான் நெனச்சேன். வியாழக்கெழம ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கினு, பதினேழாவது பேர மொதமொதலாச் சொன்னாரு. நான் ஆஜர்னேன். அழுதாரு மச்சான், சின்னப் புள்ளையாட்டம் அழுதாரு. கார்ல் சொல்லல, நான்தான் சொன்னேன்னாரு. சொன்னதும் நான், அவன் பேர அடிச்சதும் நான்னாரு.

– பாவம்.

– யாரு, கார்லா?

– ரெண்டு பேருந்தான். அடி தாங்காமச் சொல்லியிருப்பாரு. போன மனுசனப் பத்தி இனிமே என்னா பேச்சு. மூணு மணி பஸ்ஸு போயிடும், நீ கெளம்பு மாமா.

– தொரத்தாத. இன்னிக்கு சாயந்தரம் கெளக் கூட்டம். இத்தினி நாளா ஒன்ன ஒதுக்கித்தான் வச்சிருந்தாங்க. இன்னிக்கு ஒன் பேர அடிக்கப் போறாங்க. செகரட்டரி நான். நான்தான் அடிக்கணும்.

– அடிச்சுட்டுப் போ. செத்தா எனக்கு ஆஜர் சொல்ல ஆளு இருக்காது. அதுக்கென்ன.

– என்னால முடியல மச்சான். அறுபத்தாறுல அரிசி லாரிய மறிச்சோம், நம்ம ரெண்டு பேரையும் புடிச்சாங்க. நீ மொதல்ல வெளிய வந்த. அன்னிக்கு சாயந்தரமே தேவனாம்பட்டினத்துல பழனிவேலு ஒளிஞ்சிருந்த வூட்டுக்கே போலீஸ் போச்சு. செயில்லயே காச்சல் வந்து போயிட்டான். எல்லாரும் ஒன்னியத்தான் சொன்னாங்க. எனக்கு அடியில கால் வீங்கியிருந்துச்சுன்னு மால போட்டாங்க. ஒங்க அக்கா ஒன்ன வாசப்படி மிதிக்காதன்னுட்டா. ஒங்க அம்மா சாவுலகூட அவ ஒன் மொகத்தப் பாக்கல. நான் பக்கத்துலயே நின்னேன், வாயத் தொறக்கல.

– மாமா, வாணாம்.

– பழனிவேலு எங்க இருக்கான்னு சொன்னது நான்.

– மெதுவாப் பேசு. ரோட்டுல ஆளு போவுது.

– எல்லாருக்கும் கேக்கட்டும். சாயந்தரம் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லப் போறேன். நீ வந்து என் பக்கத்துல நிக்கணும்.

– அக்காவுக்குத் தெரியுமா?

– இன்னும் சொல்லல.

– சொல்லாத.

– என்னா மச்சான் பேசற? ரெண்டு வருஷமா கூடப் பொறந்தவனோட பேசாமக் கெடக்கறா.

– எங்கிட்ட பேசலன்னா அக்காவுக்கு ஒரு தம்பி போனான், அவ்ளோதான். ஒங்கிட்ட பேசலன்னா நாலு புள்ளைங்கள வச்சுக்கினு அது எங்க போவும்?

– என்னியத் திட்டு. அந்த ஸ்பேனரால ஒண்ணு போடு. நீ ஏன்டா கொஞ்சங்கூடத் திடுக்கிடல?

– ஸ்டேஷன்ல ஒன்ன அடிச்ச ரூமுக்கும் என்னிய வச்ச ரூமுக்கும் நடுவுல வெறும் பலகத் தட்டிதான் மாமா. மூணு நாளு நீ சொல்லல. நாலாம் நாளுதான் சொன்ன.