சிநேகிதி வீட்டு அஸ்திவாரம்

அக்கா: இல்லடா, ஒரு பேச்சுக்குத்தான் கேக்குறேன்...

தம்பி: உட்கார்ந்து கேளேன்க்கா. மாமாவையும் உள்ள கூப்பிடு. வந்ததுலேர்ந்து கேட்டுக்கு வெளிய நின்னு காரைத் துடைச்சுக்கிட்டே இருக்காரு.

அக்கா: அவரா? உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னவரு. என்னை இறக்கி விட்டதே பெரிசு.

தம்பி: துடைக்கிற துடைப்புல பெயின்ட் போயிடப் போகுது!

அக்கா: நீ மட்டும் என்ன ஒழுங்கா? "நாலடி அஸ்திவாரம் போட்டா வீடு டான்ஸ் ஆடும்"னு எல்லார் முன்னாடியும் சொல்லலாமா?

தம்பி: அவரு என்னை "மண்ணு வைத்தியன்"னு சொன்னது மட்டும்...

அக்கா: மண்ணைப் பரிசோதிக்கிற இன்ஜினீயரை வேற எப்படிச் சொல்றதாம்! சரி, விஷயத்துக்கு வா. என் சிநேகிதி ஒருத்தி வீடு கட்டுறா. கறுப்புக் களிமண்ணு.

தம்பி: ஓ... சிநேகிதி.

அக்கா: ஆமா. என்ன சிரிப்பு?

தம்பி: சிரிக்கலையே. அந்த மண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். மேல இருக்கிற வீட்டையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிப் போடும்.

அக்கா: ஐயையோ... அதுக்கு என்ன பண்ணணுமாம்?

தம்பி: மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துக்குக் குழி போடணும். அடியில குடம் மாதிரி அகலமாக்கி, கம்பி கட்டி, கான்கிரீட் தூண் இறக்கணும். தூணுக்கு மேல பீம். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவுல இடைவெளி விடணும். மண்ணு உப்பினா உப்பிட்டுப் போகட்டும்.

அக்கா: ஒரு பேச்சுக்கு... அவ அப்படிப் பண்ணலன்னா?

தம்பி: இப்ப பண்ணட்டும்.

அக்கா: ஒரு பேச்சுக்கு... சுவரே எழுப்பிட்டான்னா?

தம்பி: எவ்வளவு உயரம்?

அக்கா: கூரை வரைக்கும்...

தம்பி: அடிப்பாவி சிநேகிதி!

அக்கா: பெயின்ட் கூட அடிச்சாச்சுடா...

தம்பி: சுவரை ஒட்டி மரம் கிரம் வச்சிருக்காளா?

அக்கா: ஜன்னலோரமா ஒரே ஒரு கொய்யாக்கன்னு. நான்தான் ஆசையா... அவதான் ஆசையா வச்சா.

தம்பி: அதை எடுத்துத் தள்ளி நடச் சொல்லு. வேர் ஈரத்தை உறிஞ்சினா அந்தப் பக்கம் மண்ணு இறங்கிடும். வீட்டைச் சுத்தி வெளிப்பக்கம் சரிவா சிமென்ட் தளம் போடணும், மழைத்தண்ணி சுவரோரம் நிக்கவே கூடாது. அப்புறம்... அக்கா? ஏய், அழறியா?

அக்கா: பக்கத்து வீட்டுச் சுவர்ல விரிசல்டா. என் கையே உள்ள போகுது. நாளைக்கு நாங்க குடிபோறோம். உங்க மாமா "நாலடியே ஜாஸ்தி"ன்னு மார்தட்டிக்கிறாரு. எனக்குப் பயமா இருக்குடா... பிள்ளைங்களை எந்தச் சுவரோரம் படுக்க வைக்கிறதுன்னே தெரியல.

தம்பி: எந்தச் சுவரோரம் வேணா படுக்க வை. உன் வீடு அசையாது.

அக்கா: சமாதானத்துக்குச் சொல்லாதே.

தம்பி: இல்லக்கா, அஸ்திவாரமே நான் சொன்னபடி போட்டதுதான். குழியை நானே வந்து பார்த்தேன்.

அக்கா: நீயா! எங்க வீட்டுக்கா?

தம்பி: நல்லா நடிக்கிற. நீதானே மேஸ்திரியை அனுப்பினே? "அக்கா கேக்கச் சொன்னாங்க, மாமாவுக்குத் தெரியவேணாம்"னு வந்து நின்னாரே. இன்னைக்கு நீ சிநேகிதின்னு ஆரம்பிச்சதும், வெளிய மாமா இருக்காரு, அதான் நீ இப்படி விளையாடுறேன்னு நினைச்சு நானும் சேர்ந்துக்கிட்டேன்.

அக்கா: சத்தியமா நான் யாரையும் அனுப்பலடா!

தம்பி: பின்ன? மாமா இல்லாத நேரமா பார்த்துத்தான் அந்த ஆளு என்னைக் கூப்பிடுவாரு...

அக்கா: இரு இரு... குழி வெட்டின அன்னைக்கெல்லாம் இவரு தலைவலின்னு வீட்டுல படுத்திருந்தாரு. என்னையும் அந்தப் பக்கம் போக விடல, தைலம் தேய்ச்சு விடுன்னு... ஏங்க! இங்க வாங்க!

மாமா: துணியை அலசணும்... தண்ணி இருக்கா?

அக்கா: முதல்ல உள்ள வாங்க. மேஸ்திரியை இவன்கிட்ட அனுப்பினது யாரு?

மாமா: யாரோ...

அக்கா: நான் தூக்கமில்லாம புரண்டதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?

மாமா: அதான் உன்னை இங்க கொண்டுவந்து விட்டேன்ல... இவன் சொல்லிடுவான்னு.

தம்பி: மாமா, நீங்களா! அப்புறம் எதுக்கு அக்கா பேரு?

மாமா: என் பேரைச் சொன்னா நீ ஜெயிச்சிடுவியே, மச்சான்!