நின்ற வெளிச்சம்: உப்பல் நுண்ணசைவுப் பிரிவின் தலைவி ஜலஜா அம்மையாருக்கு

கண்ணுக்குப் புலப்படாத கதிரைக் கைபிடித்து நடத்திய கண்ணியமே! மயிரிழையையும் மலையென மதித்த மதிநுட்பமே! மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மாரெட்பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்திறங்கிய மலர்ந்த முகமே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஜலஜா அம்மையாரே, வணக்கம். நேருக்கு நேர் புகழ்ந்தால் நீங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் வேறு யாரோ ஒருவரின் கதையைப்போலச் சொல்கிறோம். உட்கார்ந்து கேட்டருள்க.

அந்த அம்மையாருக்கு வாய்த்த வேலையே ஒரு விந்தை. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், வளையமாய்ச் சுற்றும் மின்துகள்கள் எக்ஸ் கதிரைச் சிந்துகின்றன. அந்தக் கதிரைத் திருப்பிவிடும் நீளக் கண்ணாடி, காற்றே இல்லாத கலத்துக்குள் கனவு காண்பதுபோல் படுத்திருக்கிறது. அதை, உப்பலில் நாங்கள் செய்து அனுப்பும் கருவியால், மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கு அசைக்க வேண்டும். அசைந்ததை யாரும் பார்க்க முடியாது. ஆனால் அசைந்தாக வேண்டும்! அம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டதற்கு, மகள் சாஹித்யா, "மா அம்ம அத்தம் திப்புதுந்தி" என்றாளாம். எங்க அம்மா கண்ணாடி திருப்புறாங்க என்று பொருள். இதைவிடச் சுருக்கமாக எங்களாலும் சொல்ல முடியாது.

கண்ணாடியைத் தாங்கும் திருகாணியில் கொஞ்சம் தளர்வு உண்டு. திசை மாற்றித் திருப்பினால் முதல் திருப்பு வீணாய்ப் போகும். அதற்காக அம்மையார் கணினிக்கு ஒரு கட்டளை எழுதினார்: இறக்கும்போதெல்லாம் சற்று அதிகமாகவே இறக்கு, பிறகு மேலேற்றி நிறுத்து. அந்தக் கட்டளை பத்தாண்டுக்கும் மேலாக உழைத்தது. இதற்கிடையே உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மாதாபூரின் கணினி நிறுவனங்களுக்குப் பறந்தார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை; நாங்கள் பிழைத்தோம்.

போன ஆண்டு, கண்ணாடியை அசைக்கும் பழைய இயக்குபெட்டிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும் வேலை வந்தது. புதிய பெட்டி, கண்ணாடியிலேயே ஒட்டிய அளவுகோலைக்கொண்டு அது இருக்கும் இடத்தைப் படித்து, விலகினால் உடனே திருத்தும். பெட்டியை அமைத்தவர் பிரசன்னா. நிரலை எழுதியவர் ஃபாத்திமா. அம்மையாருக்கு ஒரே ஆசை, ஓய்வு பெறுமுன், கதிர் விழும் இடத்தைத் திரையில் பச்சையாய்க் காட்டும் பொட்டு ஒரு தடவையாவது அலையாமல் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். உப்பலில் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வடக்கே பொருத்தியதும் பொட்டு ஆட ஆரம்பித்தது. இந்த வாரத்துக்குள் நிற்காவிட்டால் கண்ணாடியையே கழற்றிவிட்டு வெளிநாட்டிலிருந்து புதிதாக வாங்கிக்கொள்வோம் என்று ஆய்வுக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். கண்ணை மூடினாலும் பச்சைப் பொட்டுதான் மிதக்கிறது என்றார் அம்மையார். பாவம், சாப்பாடும் இறங்கவில்லை.

ஒரு பிற்பகலில், இணைய வழியே எங்கள் திரைக்கு வந்த அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறங்கும்போது மட்டும் அது சற்று அதிகம் இறங்கி, மேலேறி, மறுபடி இறங்கியது. அந்த நடை அவருக்குத் தெரிந்த நடை. என் பழைய கட்டளை இன்னும் உள்ளே இருக்கிறதா என்று ஃபாத்திமாவைக் கேட்டார்.

"இருக்கு மேடம். நீங்க எழுதினதாச்சே, எடுக்க மனசு வரலை" என்றார் ஃபாத்திமா.

மரியாதை செய்த வேலையைப் பாருங்கள்! புதியது திருத்த, பழையது கீழே இழுக்க, மறுபடி புதியது திருத்த, வாசலில் நின்று 'நீங்க முன்னால போங்க' என்று உபசரித்துக்கொள்ளும் இருவரைப்போல இரண்டும் நின்றிருக்கின்றன. உப்பலில் நாங்கள் மேல்நோக்கி மட்டுமே நகர்த்திப் பார்த்திருந்தோம், அதனால் தெரியவில்லை.

அந்தக் கட்டளையை எடுப்பது பெற்ற பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதுபோல் வலித்தது என்று அம்மையார் பிறகு ஒளிக்காமல் சொன்னார். அப்போது சொன்னது இவ்வளவுதான்: "நக்கோ ஃபாத்திமா. இனிமே அது வேணாம்." விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, வடக்கேயுள்ள கணினியிலிருந்து அதைத் தம் கையாலேயே அழித்தார்.

பொட்டு நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. லைன் போய்விட்டது என்று அலுத்துக்கொண்ட பிரசன்னா, மேசைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கப் போனார்.

"தொடாதே பா" என்றார் அம்மையார். "திரை ஓரத்துல கடிகாரம் ஓடுது பாரு. லைன் போகலை. வெளிச்சம்தான் நின்னிருக்கு."

அம்மையாரே! அன்று மாலை முழுவதும் எதையும் திருத்தாமல், எதையும் தொடாமல், கன்னத்தில் கைவைத்து அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்படி நீங்கள் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. நோயறியா உடலும் நிறைந்த ஆயுளும் பெற்று, இனி நாளெல்லாம் அப்படியே உட்கார்ந்திருங்கள்.

தங்கள் அன்பை மறவாத
நுண்ணசைவுப் பிரிவினர்
உப்பல், ஹைதராபாத், 2012