மூடியைக் கழட்டி வெச்ச டெஸ்ட்

அக்கா: கம்ப்யூட்டரைப் பன்னெண்டு மணி நேரம் டெஸ்ட் ஓட்டினேன்னு சொன்னியே... ஓடுச்சா, இல்லையா?

தம்பி: ஓடுச்சு அக்கா. ஒரு பிழைகூட வரல. கேம் எல்லாம் இப்போ...

அக்கா: உன் கேமை விடு. என் ஆராய்ச்சிக் கணக்கு ஓடுறதும் அதே கம்ப்யூட்டர்லதான்.

தம்பி: சீக்கிரம் முடியுதுன்னு நீயே சந்தோஷப்பட்டியே.

அக்கா: பட்டேன். நேத்து என் கைடு மேடம் அதே கணக்கை டிபார்ட்மென்ட்ல ஓட்டிப் பார்த்தாங்க. வேற விடை. "நம்பரை நீயா மாத்தினியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க.

தம்பி: நீ என்ன சொன்ன?

அக்கா: ...அது இருக்கட்டும். இன்னிக்குக் காலையில நம்ம கம்ப்யூட்டர்லயே ரெண்டு தடவை ஓட்டினேன். ரெண்டு விடை வருது. ப்ராசஸரை என்னடா பண்ணின?

தம்பி: வேகத்தை ஏத்தினேன். அதுக்கு வோல்டேஜும் ஏத்தணும். ஏத்தினேன்.

அக்கா: அப்புறம்?

தம்பி: சூடு தாங்கல... வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சேன். குறைச்சப்புறம்தான் அந்தப் பன்னெண்டு மணி நேரம். சத்தியமா.

அக்கா: எப்படி ஓட்டின?

தம்பி: எப்படின்னா...

அக்கா: முழிக்காத. சொல்லு.

தம்பி: பக்கத்து மூடியைக் கழட்டிட்டு... டேபிள் ஃபேனை நேரா அது மேல திருப்பி வெச்சு.

அக்கா: டெஸ்ட் முடிஞ்சதும்?

தம்பி: மூடியைப் போட்டு மேசைக்கு அடியில தள்ளிட்டேன். ஃபேன் அப்பாவுக்கு வேணுமாம்.

அக்கா: புத்தகத்தைத் திறந்து வெச்சுப் பரீட்சை எழுதிட்டு, பாஸுன்னு வந்து சொல்லியிருக்க.

தம்பி: கேம் ஒரு தடவைகூட நிக்கலையே அக்கா.

அக்கா: நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். மூடின பெட்டிக்குள்ள சூட்டுல, நிக்காம தப்புத் தப்பாக் கூட்டிக் கொடுத்திருக்கு. ரெண்டு வருஷ வேலை. அந்தத் தப்பு விடையை அப்படியே மேடத்துகிட்ட தூக்கிட்டுப் போயிருக்கேன்.

தம்பி: மெதுவா பேசு... அப்பாவுக்குக் கேட்கும்.

அக்கா: கேட்கட்டும். வாயில்லாப் பூச்சின்னு பேர் வாங்கினவ. இன்னிக்கு ஒரு நாள் கத்திக்கிறேன்.

தம்பி: சரி, என் தப்புதான். நானே வந்து மேடத்துகிட்ட சொல்றேன். கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வர்றேன். அவங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுறேன்.

அக்கா: வேண்டாம்.

தம்பி: ஏன் வேண்டாம்? நீ ஒண்ணுமே பண்ணலையே. அவங்கதான் உன்கிட்ட மன்னிப்பு கேட்கணும்.

அக்கா: நேத்து அவங்க ரூம் வாசல்ல நின்னு உனக்கு போன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?

தம்பி: ...இருக்கு.

அக்கா: டெஸ்ட்ல ஏதாவது குறை இருந்துச்சான்னு கேட்டேன். என்ன சொன்ன?

தம்பி: கல்லு மாதிரி நிக்குதுன்னு... ஃபேன் விஷயத்தைச் சொன்னா திட்டுவியேன்னு...

அக்கா: ம்.

தம்பி: அக்கா... உள்ள போய் அவங்ககிட்ட என்ன சொன்ன?

அக்கா: ஒத்துக்கிட்டா திரும்பச் செய்ய விடுறேன், இல்லன்னா இடத்தைக் காலி பண்ணுன்னாங்க. கம்ப்யூட்டர் மேல தப்பில்லன்னு நீ சொல்லிட்ட. நான்தான் நம்பரை மாத்தினேன்னு ஒத்துக்கிட்டேன்டா.