இரண்டே முக்கால் கிலோ

துப்பாக்கியை எடை போடும்போது தொலைநோக்கி, தோள்வார், தோட்டா எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற எடையை நம்பக் கூடாது. மலைக்கு யாரும் வெறும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. முப்பத்தோரு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லி வருகிறேன். நீங்களும் முதலில் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டீர்கள், சார்ஜன்ட். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கெல்வினுக்கு நான் தேர்ந்தெடுத்தது எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் கிலோ. தோளில் வைக்கும் கட்டை உள்ளே வெறும் கூடு, குழல் மெல்லியது. லேசான துப்பாக்கிக்கு இரண்டு குறைகள் உண்டு. தோளில் உதைக்கும். மூன்று குண்டு போனதும் குழல் சூடேறிவிடும், நான்காவது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் வரையாடு வேட்டையில் நான்காவது குண்டுக்கு வேலை வந்தால், தப்பு துப்பாக்கியில் இல்லை. கடைச் சுவரில் நான் கிடாவோடு நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது எங்கள் பழைய துப்பாக்கி, நாலரைக் கிலோ. அதைத்தான் நானும் கெல்வினும் இருபத்தாறு வருடம் மாறி மாறிச் சுமந்தோம். இருவருக்கு ஒரு துப்பாக்கி, ஒரு கூடாரத் துணி, ஒரு கயிறு. சுமையைப் பிரித்துக்கொண்டால்தான் அவ்வளவு உயரம் போக முடியும்.

போகிற இடத்துக்கு அலமாரி என்று பெயர் வைத்திருந்தோம். எப்போது திறந்தாலும் இறைச்சி இருக்கும் என்பதால். வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது. ஆற்றங்கரையிலிருந்து ஒன்பது மணி நேர நடை. மேலே ஒரு பள்ளத்தாக்கு, நடுவில் சின்ன ஏரி, பின்னால் உடைந்த பல் மாதிரி ஒரு சிகரம். எங்கள் ஊரில் ஒருவன் தன் மனைவியின் வயதைச் சொன்னாலும் சொல்வான், தன் வேட்டை இடத்தைச் சொல்ல மாட்டான். கெல்வினின் மனைவி நைரிக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கெல்வினுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதன் பிறகு அவன் மலையை விட்டுவிட்டான்.

போன மார்ச்சில் வெளியூர்க்காரர்கள் இருவர் தோட்டா வாங்க வந்தார்கள். போனில் படம் காட்டினார்கள். ஏரி, உடைந்த பல், முன்னால் ஹெலிகாப்டரின் கால்.

"சூப்பரான எடம் பெரியவரே. பைலட் நேரா கொண்டுபோய் எறக்கி விட்டாரு. காலையில போயி மத்தியானம் திரும்பிட்டோம்."

தோட்டாவை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். என் மனைவி என்னை விட்டுப் போன அன்றுகூட நான் கடையைச் சாத்தவில்லை. அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் ஓய்வு பெற்ற பிறகு, அவர்களை இறக்கிவிட்ட அதே ஹெலிகாப்டர் கம்பெனிக்கு எண்ணெய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் அவனிடம் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். அவன் வழக்கம்போல சனிக்கிழமை வந்தான், என் பிஸ்கட்டைத் தின்றான், ரக்பியைப் பற்றிப் பேசினான், போனான். துரோகம் செய்தவன் இவ்வளவு நிம்மதியாகப் பிஸ்கட் தின்ன முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. கடையில் வைத்துக் கேட்டால் மழுப்பிவிடுவான். அலமாரியில் நிறுத்திக் கேட்டால் அவன் வாயில் பொய் வராது என்று நினைத்தேன். ஆனால் அந்த இடுப்போடு நாலரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு அவன் வர மாட்டான். அதனால்தான் லேசான துப்பாக்கி. அவன் பிறந்த நாளுக்குக் கொடுத்தேன். கையில் வாங்கியதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய் ராஸ், இதுல உள்ள எதாச்சும் இருக்கா, இல்ல காத்தாடா?"

கிளம்புவதற்கு முதல் நாள் அவன் வீட்டுச் சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளாக வைத்தேன். இரண்டாவது ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்தேன். தடித்த கயிற்றுக்குப் பதில் மெல்லியதைப் போட்டேன். பல் பிரஷ்ஷின் பிடியை வெட்டினேன்.

நைரி சிரித்தாள். "கெல்வின், அடுத்து உன் காதையும் அறுத்து எடை கொறைப்பான், பாத்துக்க."

பிறகு பீக்கன் வந்தது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் மீட்புப் படைக்குச் செய்தி அனுப்பும் மஞ்சள் கருவி. ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம்.

"ரெண்டு எதுக்குடா? நான்தான் ஒண்ணு வச்சிருக்கேனே. நாம என்ன பிரிஞ்சா போகப் போறோம்?" என்றேன்.

அவன் தன்னுடையதை எடுத்து ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்தான். அப்போது நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. எல்லாம் என் பையில் இருந்தால் நல்லது என்று மட்டும் தோன்றியது.

அவன் இடுப்புக்காக மெதுவாக நடந்து இரண்டு நாளில் மேலே போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் துப்பாக்கியைப் பாராட்டிக்கொண்டே வந்தான். மறுநாள் மத்தியானம் ஒரே குண்டில் பெரிய கிடாவை வீழ்த்தினான். அது உருண்டு கீழே ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தது. துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினான். தோலுரித்து, பின்னங்கால்களைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். நான் இழுத்து வைத்தேன். வடமேற்கில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. பிறகு கயிற்றையும் மேலே இழுத்துச் சுருட்டிக்கொண்டு கேட்டேன்.

"இந்த எடத்த யாருகிட்டடா சொன்ன?"

"என்னது?"

"ஹெலிகாப்டர்காரனுக்கு. நீதான சொன்ன?"

"உனக்கென்ன பைத்தியமா? நான் எவன்கிட்டயும் சொல்லல. கயித்தப் போடுடா, மழை வருது."

"சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு மாப்ள. போட்டுடறேன்."

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ராஸ், இருபத்தாறு வருஷமாடா. சொல்லியிருந்தா சொன்னேன்னு சொல்ல மாட்டனா உங்கிட்ட?"

ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். அதைச் சொல்லியிருந்தால் கயிற்றைப் போட்டிருப்பேன், தூக்கி விட்டிருப்பேன், சூடாக டீயும் போட்டுக் கொடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கூடாரத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். போனேன். கூடாரத் துணியை மடித்தேன், பையைக் கட்டினேன், இறங்கத் தொடங்கினேன். பீக்கன் என் சட்டைப் பையில் இருந்தது.

மரங்கள் தொடங்கும் இடத்தில் அடுப்பை மூட்டி டீ வைத்தேன். மழை பிடித்துவிட்டது. அப்போதுதான் சத்தம் கேட்டது. ஒன்று. நிதானமாக இடைவெளி விட்டு இன்னொன்று. அதே இடைவெளியில் மூன்றாவது. மலையில் மூன்று குண்டுக்கு உதவி என்று அர்த்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். காலையில் துப்பாக்கியில் நான்கு தோட்டா போட்டது நான்தான். கிடாவுக்கு ஒன்று, மீதி மூன்று. அவனை அதுகூட இல்லாமல் விட்டுவரவில்லை. டீயைக் குடித்துவிட்டு நடந்தேன்.

இருவரும் பனிமூட்டத்தில் பிரிந்துவிட்டோம் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். மழை விட்ட நான்காம் நாள்தான் உங்களால் மீட்புப் படையை மேலே அனுப்ப முடிந்தது. குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தான், துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்திருந்தான், காலித் தோட்டாக்கள் மூன்றும் அவன் சட்டைப் பையில் இருந்தன என்று சொன்னீர்கள். அலமாரியில் நாங்கள் குப்பை போடுவதில்லை.

நேற்று நீங்கள் அந்தப் பைலட்டின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவனுக்கு யாரும் சொல்லவில்லையாம். துப்பாக்கி உறை வாங்க என் கடைக்கு வந்தபோது, நான் உள்ளே தேடிக்கொண்டிருந்த நேரத்தில், சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தானாம். எனக்குப் பின்னால் அந்த உடைந்த பல். மேலே பறக்கிறவனுக்கு அது போதுமாம். பதினைந்து வருடமாக அந்தப் படத்தை நான் தினமும் துடைத்து வருகிறேன். கிடாவைத்தான் துடைத்திருக்கிறேன், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. பாறைத் திட்டில் அவனை விட்டது நான். மூன்று குண்டையும் கேட்டுவிட்டு நடந்தது நான். அதிலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். அந்தப் படத்தை எடுத்தவன் கெல்வின்.