உள்ளே ஒரு சாவி

மாசாய்க் குடியிருப்பாளர் சங்கத்தின் பொறுப்பைத் தோளில் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளப் போகும் தாய்மார்களே, சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளை முடுக்கும் என் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கேப்ரியலின் வணக்கம்.

ஆபத்து வேளையில் குடும்பத்தைக் காப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதை என்னிடம் சொன்னது எவ்வளவு பெரிய வேடிக்கை என்பது மூன்றாவது வரிசையில் இருக்கும் என் மனைவி டொரத்திக்குத் தெரியும். சிரிக்கிறார். சிரிக்கட்டும். மூன்று வாரங்களுக்கு முன்பு அவர் சிரிக்கவில்லை.

வெள்ளம் வருமா? வரட்டும் என்றேன். மின்சாரம் போகுமா? போகட்டும் என்றேன். உலகமே முடங்குமா? முடங்கட்டும் என்றேன். ஏனென்றால் என் வீட்டில் அறுபது டின் சார்டின் மீன் இருந்தது. அரிசி பன்னிரண்டு மூட்டை இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது, நச்சுப்புகை முகமூடிகூட இருந்தது. அத்தனையையும் எங்கே அடுக்கினேன்? அடுக்களைப் பின்கதவை மறைத்து, ஆள் உயரத்துக்கு அடுக்கினேன். "பின்பக்கமா யாரு போறா?" என்று டொரத்தியிடம் சவடால் வேறு.

அதோடு நின்றேனா? விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது, தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்ற பாசத்தில், முன்வாசல் இரும்புக் கிரில் கதவை வெளியே பூட்டினேன். சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டேன். பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போனேன். டொரத்தியின் சாவி தொலைந்து இரண்டு மாதம். வேறு வெட்டித் தருகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலை ஏழரை மணி. கப்பல் பட்டறையில் நிற்கிறேன். தொலைபேசி அடிக்கிறது. ஆறு வயது மகள் அமண்டா.

"அப்பா, ஃப்ரிட்ஜ் பின்னால புகையா வருது. அம்மா போம்பாவுக்கு கால் பண்ணிட்டாங்க. மூட்டைய இழுக்கிறாங்க, நகரல. முன்கதவு சாவி எங்கப்பா?"

பையில் கையை விட்டேன். என்ன சொல்வேன்? கடலுக்கு இந்தப் பக்கம், என் உள்ளங்கையில் இருக்கிறது என்றா சொல்வேன்? பிள்ளை இருமுகிறாள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.  

துண்டிக்க மனமில்லாமல் துண்டித்து, எதிர்வீட்டு மோட்டார் பட்டறைக்காரர், இதோ கடைசி வரிசையில் இருக்கும் சுப்ஹானை அழைத்தேன். போம்பா என்கிற தீயணைப்பு வண்டி வருமுன்பே, பூட்டு வெட்டும் கத்திரியோடு ஓடினார் மனிதர். நான்கு நிமிடம். நான்கே நிமிடம். அவ்வளவு நீண்ட நேரத்தை நான் வாழ்ந்ததில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"அண்ணே, ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க. நீங்க பதறாம வாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், உள்ள ஒரு சாவி கூடவா வைக்கல?"

அறுபது டின் வைத்தவன், பெரியோர்களே, ஒரு சாவி வைக்கவில்லை.

அப்படியானால் எதுவுமே வாங்கி வைக்காதே என்கிறாயா என்று அங்கே ஒரு பெரியவர் கேட்கிறார். வாங்குங்கள் ஐயா. மூன்று நாளைக்குச் சோறும் தண்ணீரும் இருக்கட்டும். கைவிளக்கு, மருந்து, அடையாள அட்டை நகல் ஒரு பையில் இருக்கட்டும். போதும். முன்வழி திறக்கட்டும், பின்வழி திறக்கட்டும், பிள்ளையின் கைக்கு எட்டும் ஆணியில் ஒரு சாவி தொங்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். வீட்டை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கை தூக்குங்கள். பத்து, பதினைந்து, இருபது... தலைவர் அவர்களே, நீங்களுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். இப்போது, இந்த நிமிடம், ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இங்கே வந்திருப்பவர் யாராவது உண்டா?

தனலெட்சுமி அக்கா... உங்கள் கை ஏன் உயர்கிறது?

"மாமியாரும் சின்னவளும் இருக்காங்க தம்பி. யாரும் உள்ள வந்துடக்கூடாதேன்னுதான்..."

வழிவிடுங்கள். அக்காவுக்கு வழிவிடுங்கள். இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அது கிடக்கட்டும். சுப்ஹான், வண்டியை எடுங்கள். பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி, எல்லார் வீட்டுக்கும் என் வணக்கம்.

நில்லாதீங்க அக்கா. போங்க.