வாய் மட்டும் பாக்கி

தாடி வரைவதுதான் கஷ்டம் என்று ஓவியப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அது ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை, விசாரணை அதிகாரி ஐயா. கோபம்தான் கஷ்டம். மனிதர்களிடம் அது பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்பதில்லை.

மெழுகுவத்தி வியாபாரி எவ்லாம்பி சஸோனவிச் வீட்டு மாடியில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். மனைவியை இழந்தவர். ஒரே மகள் லீப்பா போன செப்டம்பரில் ஒரு நாடகக்காரனோடு ஓடிப்போனாள். அன்று காலை தேநீர் கொதிக்கும் சமோவார் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் படம் தெரிந்துவிட்டது: திரும்பி வந்த மகள் வாசற்படியில் மண்டியிட்டிருக்கிறாள், தகப்பன் மேசையை விட்டு எழவில்லை. வசந்தக் கண்காட்சியில் நடுச்சுவரையே தருவதாகச் சொன்னார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. என் படங்கள் அதுவரை மாடிப்படி ஓரத்தில்தான் தொங்கின.

படத்தில் சமோவார் சரியாக வந்தது, மேசைவிரிப்பின் மடிப்புகூட வந்தது. கிழவரின் முகம் மட்டும் சிக்கவில்லை. உட்காரவைத்தால் உடனே இளகிவிடுவார்.

"இன்னிக்கும் கோவமாத்தான் இருக்கணுமா, வெனெதிக்த் லூக்கிச்? ரெண்டு அப்பம் தின்னுட்டுக் கோவப்படறேனே" என்பார். பிறகு அவள் எங்கே சாப்பிடுகிறாளோ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். தூரிகையை முறித்துப் போடலாம் போல் எனக்கு எரிச்சல் வரும்.

நோன்புக்கு முந்தின அப்ப வாரத்தில், புதன்கிழமை, லீப்பா என்னைச் சந்தை மூலையில் பிடித்துக்கொண்டாள். நாடகக்காரன் கைவிட்டுவிட்டான். சால்வைக்குள் வயிறு தெரிந்தது. உன் பேரைச் சொன்னாலே அப்பா காறித் துப்புகிறார், ஈஸ்டர் வரை பொறுத்துக்கொள் என்றேன். அதற்குள் படம் கண்காட்சிக்குப் போய்விடும்.

"ஞாயித்துக்கிழமை மன்னிப்பு நாளாச்சே, மாமா. அன்னிக்கு விரோதி வந்து கேட்டாலே மன்னிச்சாகணும். பெத்தவரு மாட்டேன்னா சொல்லிடுவாரு?" என்றாள்.

சொல்லமாட்டார் என்பது எனக்கும் தெரியும். அதுதான் என் தலைவலி.

மறுநாள், பனிச்சறுக்கு மேட்டில் அவளை ஒரு ராணுவக்காரனோடு பார்த்ததாகவும், அவள் விழுந்து விழுந்து சிரித்ததாகவும் கிழவரிடம் சொன்னேன். புருவம் நெரிந்தது. புருவத்தையும் கண்ணையும் அப்போதே பிடித்துவிட்டேன், அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தவர், "சிரிச்சாளா? அப்போ உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று மலர்ந்துவிட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். வாய் மட்டும் பாக்கி.

மன்னிப்பு ஞாயிறன்று எங்கள் தெருவில் யாரும் வெளிக்கதவைத் தாழிடுவதில்லை. கேட்க வருகிறவன் தட்டாமல் உள்ளே வரவேண்டும் என்பது வழக்கம். தாழிட்டால், உன்னை மன்னிக்கமாட்டேன் என்று முகத்தில் சொன்னதற்குச் சமம். அக்கம்பக்கத்தார் காலையிலேயே வந்து போய்விட்டார்கள். வீட்டுக் காவல்காரன் குடித்துவிட்டுத் தூங்கினான். ஒரு மணிக்கு இறங்கிப் போனேன். வெளியே தொங்கும் மணிக்கயிற்றை எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, உள்ளே வந்து தாழிட்டேன்.

இரண்டு மணிக்கு வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். கையால் தட்டினாள், பின்கட்டு அறையிலிருந்த கிழவருக்கு அது கேட்காது, என் மாடிக்குக் கேட்டது. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுப் பனியில் சும்மா நின்றாள். படத்தில் மகளின் தோள் எனக்குத் திருப்தியாக இல்லாமலிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திருத்தினேன். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிற ஆள் கூலிக்குக்கூடக் கிடைப்பதில்லை.

நான்கு மணிக்குக் கிழவர் மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். நான் எழுந்து ஜன்னலை மறைத்து நின்றேன்.

"கீழ யாராச்சும் வந்தாங்களா? கோயிலுக்குக்கூடப் போகாம உக்காந்திருக்கேன்."

யாரும் வரவில்லை என்றேன்.

அவர் வாயை மூடினார். ஐயா, அதுதான் நான் ஐந்து மாதமாகத் தேடிய வாய். நான் கோபத்தைத் தேடி அலைந்தது என் முட்டாள்தனம். காகிதத்தில் நான்கே கோடு, கிடைத்துவிட்டது. நான் அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அழுகையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். தரைவரை குனிந்து, தெரிந்தோ தெரியாமலோ செய்ததை மன்னிக்கச் சொன்னார். கடவுள் மன்னிப்பார் என்றேன். முறைப்படி நானும் குனிந்து கேட்டேன்.

"கடவுள் மன்னிப்பாரு. நானும் மன்னிச்சேன்" என்று மூன்று முறை முத்தமிட்டார்.

அவர் இறங்கிப் போனபின் பார்த்தேன். அவள் ஆற்றுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை, துணி அலச உறைந்த ஆற்றில் வெட்டி வைத்திருக்கும் துளையில் சலவைக்காரிகள் அவளைக் கண்டார்கள். தாழைத் திறக்கவும் கயிற்றை அவிழ்க்கவும் நான் மறந்துபோனதால் நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். மறுக்கவில்லை. தாழிட்டது நான்தான், ஏன் என்பதும் சொல்லிவிட்டேன்.

ஆனால் கிழவரிடம் போய் இன்னொரு தடவை மன்னிப்புக் கேள் என்கிறீர்களே, அது அவசியமில்லை. அவர் என்னை மன்னித்தது நான்கு மணிக்கு. அப்போது அவள் கதவருகே நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆகவே தாழிட்டதும் அந்த மன்னிப்பில் சேர்த்திதான்.