பதினோராவது பச்சை இடம்

— உட்காருங்க வெலிச்காம்மா. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா என் பேனா ஓடாது.

— பரவால்ல சார், நிக்கறேன். கேக்கறது ஒரே ஒரு காகிதம். மார்ச் பதினேழாம் தேதி என் பையன் லாசர் உயிரோட இருந்தான்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வெச்சுக் குடுங்க.

— வந்ததுலேருந்து இதையேதான் சொல்றீங்க. பாருங்கம்மா, வண்டி நிறுத்தற இடத்துக்குத்தான் நான் இன்ஸ்பெக்டர். உயிரோட இருக்கறதுக்கு சான்று குடுக்கற வேலை என்னோடது இல்ல.

— செத்துட்டான்னு எழுதறப்ப மட்டும் அது உங்க வேலையா இருந்துச்சா?

— கோபம் வேண்டாம். புது விதி வந்துச்சு. ப்ளோவ்திவ் நகரம் முழுக்க, குடியிருக்கறவங்களுக்கு வண்டி நிறுத்த இடம் பத்தலன்னு கூச்சல். யாரும் பயன்படுத்தாத தனி இடத்தையெல்லாம் எடுத்து, பச்சைக் கோடு போட்டுப் பொதுவாக்குன்னு மேலேருந்து உத்தரவு. உங்க தெருவுல மட்டும் பதினோரு இடம் தேத்தினேன். பத்திரிகையில கூட வந்துச்சு.

— பதினோராவது என் பையனோடது. சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்த இடம். அதை நாங்க தினம் பயன்படுத்தினோம்.

— நான் வந்தப்ப காலியா இருந்துச்சே?

— செவ்வா, வியாழன், சனி மூணு நாளும் காலையில காலியாத்தான் இருக்கும். ரத்த சுத்திகரிப்புக்கு அவனை ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க வந்த மார்ச் பதினேழு செவ்வாக்கிழமை.

— காலியா இருந்ததுக்காக மட்டும் எடுக்கலம்மா. உங்க கட்டிட வாசக் கதவுல அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. ஃபோட்டோ எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கேன். இதோ. ‘லாசர் ஹ்ரிஸ்தோவ் மனோலொவ், பிரிந்து ஆறு மாதம்.’ இடம் யார் பேர்ல? லாசர் ஹ்ரிஸ்தோவ் மனோலொவ். இதுக்கு மேல நான் என்ன பார்க்கணும்?

— அது என் மாமனார்.

— பேரு ஒண்ணா இருக்கே.

— நம்ம ஊர்ல எது ஒண்ணா இல்ல சார்? மூத்த பையனுக்குத் தாத்தா பேரு. என் வீட்டுக்காரர் ஹ்ரிஸ்தோ, அவரும் அவர் தாத்தா பேருதான். நடுவுல வர்றது அப்பா பேரு. அப்ப பேரன் பேரு முழுசும் தாத்தா பேராத்தானே வரும். உங்களுக்குப் பேரன் இருக்கானா?

— இருக்கான்.

— என்ன பேரு?

— ...என் பேருதான்.

— நாளைக்கு நீங்க போனா அவன் இடத்தையும் எடுத்துடுவாங்களா?

— சரிம்மா, விடுங்க. ஆனா இந்த ஃபோட்டோவுல இருக்கறது வாலிபப் பையன். பார்த்தா யாருக்கும் அப்படித்தானே தோணும்?

— பட்டாளத்துல எடுத்த படம். தான் நல்லா இருந்த படத்தைத்தான் ஒட்டணும்னு கிழவர் சொல்லி வெச்சிருந்தார். பிறந்த வருஷம் கீழயே போட்டிருக்கு. ஆளுக்கு ஆள் வேற வேறயா இருக்கற பத்து இலக்க அடையாள எண் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. மூணாவது மாடி ஏறிக் கதவைத் தட்டியிருந்தா லாசரே வந்து திறந்திருப்பான்.

— அப்ப நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க?

— சாயங்காலம் வந்திருக்கலாமே சார்.

— அன்னைக்கு மட்டும் எனக்கு நாலு தெரு. கட்டிடப் பொறுப்பாளர்கிட்ட கேட்டேன். ஆமா, லாசர் போயிட்டார்னு அவரும் சொன்னார்.

— அவரும் பொய் சொல்லல. லாசர்னா அவருக்குக் கிழவர்தான். கூடச் சீட்டாடினவர்.

— பாருங்கம்மா, சுலபமான வழி இருக்கு. புதுசா ஒரு மனு எழுதுங்க. நாற்பது நாள்ல இடம் வந்துடும்.

— புது மனு வேண்டாம். அதை எழுதினா, அதுக்கு முன்னாடி எங்களுக்கு இடமே இல்லங்கற மாதிரி ஆயிடும். உங்க தப்புன்னு எழுதணும்.

— தப்புன்னு எழுதினா எனக்குத் தலைவலி.

— ஈஸ்டர் சனிக்கிழமை எனக்கு என்ன வலின்னு கேளுங்க. வாசல்ல இடமில்லாம வண்டியை ரெண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தேன். நடைபாதை முழுக்க காரு, நாற்காலி தள்ள வழியில்ல. அதனால வண்டியை வாசலுக்கே கொண்டாந்து நிறுத்திட்டு மேல போனேன். அவனைப் படியில இறக்கப் பன்னண்டு நிமிஷம் ஆகும். கீழ வந்தா வண்டி இல்ல. உங்க சிலந்தி, அதான் அந்த வண்டி தூக்கற லாரி, தூக்கிட்டுப் போயிடுச்சு.

— பச்சை இடத்தை மறிச்சு நிறுத்தினா சிலந்தி வரத்தான் செய்யும். டாக்ஸி பிடிச்சிருக்கலாமே?

— பண்டிகை நாள் சார். ஒன்றரை மணி நேரம் வாசல்ல உட்கார்ந்திருந்தான். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த முறை செவ்வாக்கிழமைன்னாங்க.

— த்ச. அப்ப செவ்வாக்கிழமை பண்ணிக்கிட்டீங்களாக்கும்.

— செவ்வாக்கிழமைக்கு இவன் பேரை எழுதித்தான் வெச்சிருந்தாங்க.

— நீங்க கறுப்புல வந்ததைப் பார்த்ததுமே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. மாமனாருக்கு இன்னும் துக்கம் காக்கறீங்க. இந்தக் காலத்துல யார் இப்படி இருக்கா?

— எழுதுங்க சார்.

— எழுதறேன். நானும் பிள்ளை பெத்தவன்தான். ‘மார்ச் பதினேழாம் தேதி, உயிருடன் இருந்த லாசர் ஹ்ரிஸ்தோவ் மனோலொவ் என்பவரை, இறந்துவிட்டதாகத் தவறாகப் பதிந்து...’

— தவறாப் பதிஞ்சது யாருன்னு?

— ‘...நான், இன்ஸ்பெக்டர் தோச்செவ், சரிபார்க்காமல் தவறாகப் பதிந்து, அவருடைய இடத்தை ரத்து செய்தேன்.’ போதுமா?

— பத்து இலக்க எண்ணையும் சேருங்க. இந்தத் தடவை கிழவரோடது வந்துடக் கூடாது.

— சேர்த்தாச்சு. கையெழுத்து. முத்திரை. பதிவு எண் மேல இருக்கு. ஒரு நகல் உங்களுக்கு.

— அசலைக் குடுங்க. நகலை நீங்க வெச்சுக்குங்க.

— பிடிவாதக்காரம்மா நீங்க. இந்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளனுப்பிப் பச்சையை அழிச்சு, பழையபடி நாற்காலிப் படம் போடச் சொல்றேன். இனிமே வாசல்லயே வண்டியை நிறுத்திக்கலாம்னு லாசர்கிட்ட சொல்லுங்க.

— படமெல்லாம் வேண்டாம் சார். லாசரை நேத்து அடக்கம் பண்ணியாச்சு. நீங்க இடத்தை எடுத்தப்ப அவன் உயிரோட இருந்தான்னு உங்க கையெழுத்துலயே ஒரு காகிதம் வேணும்னு வக்கீல் கேட்டார்.